கிறிஸ்துமஸ் சமயத்துல வருஷா வருஷம் டிவில தவறாம பாக்குற பழைய படம் எது? ஏன்?

நான் இருக்குறது அமெரிக்கால, அதனால இங்க டிவில வர்றத வச்சுத்தான் சொல்ல முடியும். டிசம்பர் பொறந்துட்டா எந்த சேனல திருப்பினாலும் கிறிஸ்துமஸ் படம்தான். பொம்மைகள வச்சு எடுத்த ருடால்ஃப் கலைமான் படம் 1964லேர்ந்து வருஷம் தவறாம வருது, 'எ கிறிஸ்துமஸ் ஸ்டோரி'ன்னு 1983ல வந்த படத்த 24ஆம் தேதி சாயங்காலம் ஆரம்பிச்சு மறுநாள் சாயங்காலம் வரைக்கும் திருப்பித் திருப்பி போடுவாங்க, எல்லாமே பிடிக்கும். ஆனா ஒண்ணே ஒண்ணு சொல்லுன்னா 1946ல வந்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்'தான். 24ஆம் தேதி ராத்திரி என்பிசில வரும், விளம்பரத்தோட மூணு மணி நேரம், அன்னைக்கு வேற எந்த வேலையும் வச்சுக்க மாட்டேன்.

பாக்காதவங்களுக்காக கதை. பெட்ஃபோர்டு ஃபால்ஸ்னு ஒரு சின்ன ஊர், அங்க ஜார்ஜ் பெய்லின்னு ஒருத்தன். உலகம் சுத்தணும், பெரிய பெரிய பாலம் கட்டணும்னு ஆசை. திடீர்னு அப்பா போயிடுறார், ஏழைங்களுக்கு வீட்டுக்கடன் குடுக்குற அவரோட கம்பெனிய பாத்துக்க ஆள் இல்ல, இவன் தங்கிடுறான். படிக்க வச்சிருந்த காச தம்பிக்கு குடுத்து காலேஜுக்கு அனுப்புறான், தம்பி திரும்பி வந்து பொறுப்ப ஏத்துக்குவான்னு பாத்தா கல்யாணம் பண்ணிட்டு மாமனார் குடுக்குற வேலையோட வந்து நிக்குறான். தேனிலவுக்கு வச்சிருந்த பணமும் ஊர்க்காரங்க கம்பெனில போட்ட காச கேட்டு மொத்தமா வந்து நின்ன அன்னைக்கே கரைஞ்சிடுது. நம்ம வீடுகள்ல மூத்த பையனா பொறந்தவங்களுக்கு இதுக்கு மேல விளக்கவே வேண்டாம்.

அப்புறம் ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சித்தப்பா பில்லி கம்பெனி பணம் 8000 டாலர பேங்க்ல கட்டப் போன இடத்துல, நியூஸ்பேப்பர்ல சுருட்டி தன்னை அறியாமலே ஊர்ப் பணக்காரன் பாட்டர் கையிலயே குடுத்துட்டு வந்துடுறார். ஜெயிலுக்கு போகணுமேன்னு ஜார்ஜ் ஒரு பார்ல உக்காந்து, எனக்கு வேண்டிக்கவெல்லாம் பழக்கமில்ல, ஆனா நீ மேல இருந்தா எனக்கு ஒரு வழி காட்டுன்னு கெஞ்சுவான். எனக்கு படமே அந்த இடம்தான். நடிச்ச ஜேம்ஸ் ஸ்டூவர்ட் இரண்டாம் உலகப்போர்ல குண்டு போடுற விமானம் ஓட்டிட்டு வந்தவர், போர் முடிஞ்சு நடிச்ச முதல் படம் இது. அந்த அழுகை திட்டமிட்டது இல்ல, தன்னால வந்துச்சுன்னு அவரே பின்னாடி சொல்லியிருக்கார். டைரக்டர் ஃபிராங்க் காப்ரா அத கொஞ்சம் தள்ளியிருந்துதான் எடுத்திருந்தார், திரும்ப எடுத்தா அதே மாதிரி வராதுன்னு லேப்ல ஒவ்வொரு ஃபிரேமா பெரிசு பண்ணி க்ளோஸப் ஆக்கினார். கவனிச்சு பாருங்க, முகம் கிட்ட வர வர படம் கொஞ்சம் சொரசொரன்னு ஆகும். வருஷா வருஷம் அந்த இடத்துல எனக்கு கண்ணு கலங்கிடும்.

இப்ப இத கொண்டாடாத ஆளில்ல, ஆனா வந்தப்ப தயாரிப்பு கம்பெனிக்கு நஷ்டம். அஞ்சு ஆஸ்கருக்கு போச்சு, அஞ்சுல ஒண்ணு கூட கிடைக்கல, பொய்ப் பனிய புது விதமா செஞ்சதுக்கு மட்டும் ஒரு தொழில்நுட்ப விருது குடுத்தாங்க (அதுவரைக்கும் கார்ன்ஃப்ளேக்ஸுக்கு வெள்ளையடிச்சு கொட்டுவாங்களாம், மிதிச்சா நொறுங்குற சத்தத்துல பேசுறத பதிவு பண்ண முடியாது, இதுல தீயணைக்குற நுரையோட சோப்பையும் தண்ணியையும் கலந்து அடிச்சாங்க). அப்புறம் எல்லாரும் மறந்தே போயிட்டாங்க. 1974ல காப்பிரைட்ட புதுப்பிக்க வேண்டியவங்க புதுப்பிக்காம விட்டுட்டாங்க, அவ்ளோதான், படத்துக்குன்னு காசு கட்ட வேணாம்னு ஆனதும் ஊருக்கு ஊர் இருந்த சின்ன சின்ன டிவி ஸ்டேஷன் எல்லாம் டிசம்பர் முழுக்க போட ஆரம்பிச்சிடுச்சு. அப்படி பாத்து பாத்துதான் ஜனங்க மனசுல உக்காந்துச்சு. 1993ல மூலக்கதையோட உரிமைய வச்சு படத்த திரும்ப கைப்பத்தினாங்க, 1994லேர்ந்து என்பிசி. தியேட்டர்ல தோத்த படத்த டிவிதான் வாழ வச்சுது, ஓடிடில எப்ப வேணா பாக்கலாம்னாலும் நான் டிவில வர்ற நேரத்துக்கு காத்திருந்து பாக்குறது அதுக்காகத்தான். அதே நேரத்துல முகம் தெரியாத எத்தனையோ வீட்ல இதே சீன் ஓடிட்டிருக்குன்னு நெனைக்கிறதே தனி சந்தோஷம்.

"அந்த பாட்டர் கடைசி வரைக்கும் மாட்டவே இல்லையாப்பா?"ன்னு என் பொண்ணு முதல் தடவை பாத்தப்ப கேட்டா. மாட்ட மாட்டான், பணமும் திரும்பி வராது, அவன்தான் எடுத்தான்னு ஊருக்கு தெரியவே தெரியாது. எனக்கு இதுதான் படத்தோட பெரிய பலம்னு தோணுது. கெட்டவன தண்டிச்சு நம்மள திருப்திப்படுத்தல, ஜார்ஜ காப்பாத்த ஊர்ல அவனவன் வச்சிருந்த சில்லறைய கொண்டு வந்து மேஜைல கொட்டுறதோட முடிச்சுட்டாங்க.

பாக்குறதா இருந்தா கறுப்பு வெள்ளைலயே பாருங்க, கலர் அடிச்ச பிரிண்ட்டும் சுத்துது, அது வேண்டவே வேண்டாம். ஜார்ஜுக்கு உதவ வர்ற தேவதை கிளாரன்ஸ் பூமிக்கு இறங்கி வர்றதுக்கே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆகும், அதுவரைக்கும் பொறுமையா இருங்க, நடுவுல எழுந்து போயிடாதீங்க.