தோட்டம்: கேள்வி – பதில்

வீனஸ் கண்ணாடிப் பூ விதையைத் தை மாதக் கடைசியில் தொட்டியில் அரை விரல் ஆழத்தில் போட்டு மூடினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை கெட்டதா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

விதைமேல் பழி போட வேண்டாம். ஆழமும் தப்பு, பருவமும் தப்பு. இது வட அமெரிக்காவில் வயலோரங்களில் தானாக வரும் ஒருபருவச் செடி. அங்கே உதிர்ந்த விதை கோடை முழுக்கச் சூட்டில் கிடந்து உறக்கம் கலையும். வெயில் தணிந்த பிறகே முளைக்கும். அதற்கு வெளிச்சமும் வேண்டும். அரை மில்லிமீட்டர் விதையை மண்ணுக்குள் புதைத்தால் எப்படி வரும்?

கார்த்திகை மழை ஓய்ந்ததும், மார்கழித் தொடக்கத்தில் விதையுங்கள். ஆற்றுமணல் 2 பங்கு, கேப்பர் மலைச் செம்மண் 1 பங்கு, தொழுவுரம் ஒரே கைப்பிடி. உரம் கூடினால் தண்டு நெடுநெடுவென வளர்ந்து சாய்ந்துவிடும். ஒரு சிட்டிகை விதையைக் காய்ந்த மணலோடு கலந்து தூவி, உள்ளங்கையால் அழுத்தினால் போதும். மேலே மண் போடாதீர்கள். பூவாளியில் ஊற்றினால் விதையெல்லாம் ஓரத்துக்கு ஓடிவிடும். தட்டில் தண்ணீர் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். மேல்மண் ஈரமானதும் தட்டை எடுத்துவிட வேண்டும், மறந்தால் நாற்றழுகல்தான். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மண்மேல் வெள்ளை படிந்து முளை கருகும். பிடித்துவைத்த மழைத்தண்ணீர் நல்லது.

இதே செடியில் கீழ்க்கணு மொட்டுகள் விரியவே இல்லை. உச்சியில் மட்டும் நாலைந்து ஊதாப் பூ. நோயா?
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

நோயே இல்லை, மருந்து அடித்துவிடாதீர்கள். தண்டைக் கட்டிப்பிடித்தாற்போல் இருக்கும் வட்ட இலையின் மடியில் பாருங்கள். கீழ் மொட்டில் புல்லி இதழ் 3 அல்லது 4 இருக்கும். உச்சிப் பூவில் 5. கீழே உள்ளவை திறக்காமலே, உள்ளுக்குள் தன் மகரந்தத்தாலேயே கருவுற்றுக் காய்க்கும் பூக்கள். தேனீ வராவிட்டாலும் அடுத்த ஆண்டுக்கு விதை உறுதி. உச்சிப் பூ விரிந்து பூச்சியை அழைக்கிறது; அதன் நடுவே நிற்கும் சூலகத் தண்டில் உள்ள மயிர் முதலில் மகரந்தத்தைத் துடைத்தெடுத்து வெளியே நீட்டும், அது தீர்ந்த பிறகே மகரந்தத்தை ஏற்கும் நுனியான சூலகமுடி மூன்றாகப் பிரியும். கைலென்ஸ் இருந்தால் காலையில் ஒரு பூவைப் பாருங்கள், அவ்வளவு அழகு.

காய் பழுப்பானதும் பக்கவாட்டில் சின்னத் துளை திறந்து விதை கொட்டிவிடும். அதற்கு முன்பே தண்டோடு வெட்டிக் காகிதப் பைக்குள் தலைகீழாகத் தொங்கவிடுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் மகளைத் தபாலில் விதை அனுப்பச் சொல்லலாமா?
– வாசகி, நெல்லிக்குப்பம்

வேண்டாம். இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டின் தாவர நலச் சான்றும் இல்லாமல் விதை வரக்கூடாது என்கிறது 2003ஆம் ஆண்டுத் தாவரத் தொற்றுத்தடை ஆணை.