குடும்பத்தில் யாருக்கும் இல்லாத குறை எனக்கு எப்படி வந்தது?

கேள்வி: எனக்கு வயது 34. சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கிறேன். திருமணமாகி நான்கு ஆண்டுகளாகியும் குழந்தை இல்லை. இரண்டு முறை செய்த விந்துப் பரிசோதனையிலும் விந்தணு ஒன்றுகூட இல்லை. மருத்துவர் மரபணுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். என் தந்தையுடன் பிறந்தவர்கள் ஏழு பேர். யாருக்கும் இக்குறை இல்லை. என் பெற்றோர் அத்தை மகனும் மாமன் மகளும் ஆவர். இப்பரிசோதனை தேவைதானா? நேராக அறுவைச் சிகிச்சை செய்து விந்தணுவை எடுக்க முடியாதா?

பதில்: பரிசோதனை அவசியம், அதுவும் அறுவைச் சிகிச்சைக்கு முன்பே அவசியம். குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பது மரபணுக் குறையை விலக்கிவிடாது. பிள்ளைப்பேற்றையே தடுக்கும் குறை தந்தை வழியாகத் தலைமுறை தலைமுறையாக இறங்கி வருவது அரிது. பெரும்பாலும் அது தாயின் கருமுட்டையோ தந்தையின் விந்தணுவோ உருவாகும்போது புதிதாக ஏற்படுகிறது. ஏறத்தாழ 600 ஆண்களில் ஒருவருக்கு, மரபணுக்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்களில் எக்ஸ் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கிறது. க்ளைன்ஃபெல்டர் எனப்படும் இந்நிலை தமக்கு இருப்பதைப் பலர் குழந்தைக்காக மருத்துவரை நாடும்போதுதான் முதன்முதலாக அறிகிறார்கள்.

அடுத்து ஒய் குரோமோசோம். விந்தணு உற்பத்திக்குத் தேவையான ஏ, பி, சி என்ற மூன்று பகுதிகள் அதில் உள்ளன. ஏ பகுதியோ பி பகுதியோ முழுமையாக விடுபட்டிருந்தால் விரையை அறுத்துத் தேடினாலும் விந்தணு கிடைக்க அநேகமாக வாய்ப்பில்லை. அந்த வலியையும் செலவையும் நீங்கள் ஏற்க வேண்டியதே இல்லை. சி பகுதி மட்டும் விடுபட்டிருந்தால் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு விந்தணு கிடைக்கிறது. ஆனால் அதைக்கொண்டு பிறக்கும் ஆண் குழந்தைக்கும் அதே குறை செல்லும். இதை முன்கூட்டியே அறிந்து நீங்களும் உங்கள் மனைவியும் சேர்ந்து முடிவெடுப்பதே நியாயம்.

பெற்றோரின் உறவுமுறையை எழுதியது நல்லதாயிற்று. மருத்துவரிடம் பலர் இதை மறைத்துவிடுகிறார்கள். உங்கள் பெற்றோர் இருவருக்கும் பொதுவான பாட்டன் பாட்டியிடம் இருந்த பழுதுபட்ட மரபணு, தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் வந்து உங்களிடம் இணைந்திருக்கலாம். ஒரு பிரதி மட்டும் பழுதாக இருந்த உங்கள் பெற்றோருக்கு எந்தக் குறையும் தெரிந்திருக்காது. வழக்கமான குரோமோசோம் பரிசோதனையில் இது பிடிபடாது என்பதால் அவசியம் சொல்லுங்கள்.

இரத்தம் எடுக்குமுன் மருத்துவர் உங்களைக் கையால் பரிசோதித்தாரா? விந்தைக் கொண்டுசெல்லும் நாளம் விரல்களுக்கிடையே விறைத்த நூற்கயிறு போல உருளும். இருபுறமும் அது தட்டுப்படவில்லையென்றால் விந்தணு உற்பத்தி நன்றாகவே இருந்து, வெளிவரும் வழி மட்டும் பிறவியிலேயே இல்லாதிருக்கலாம். பெரும்பாலும் இதற்குக் காரணமான சிஎஃப்டிஆர் மரபணுவை மனைவிக்கும் பார்க்க வேண்டும். இருவரிடமும் பழுது இருந்தால் குழந்தைக்குக் கடுமையான நுரையீரல் நோய் வரக்கூடும்.

தசை வளர டெஸ்டோஸ்டெரோன் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் அதையும் தயங்காமல் சொல்லிவிடுங்கள், ஏனெனில் அந்த ஊசியே விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடும்.

கேகே மகளிர், சிறார் மருத்துவமனை போன்ற அரசாங்க மருத்துவமனைகளில் கருத்தரிப்புச் சிகிச்சை நிலையங்கள் உள்ளன. பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் பெற்றுச் செல்லலாம். மனைவியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பரிசோதனைக்குக் கையில் எடுக்கும் சிறிதளவு இரத்தமே போதும். முடிவு வரச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்க வேண்டாம்.