பனிச்சறுக்கு வாரத்துக்கு என்ன சமைப்பது?

கேள்வி: நண்பர்கள் ஆறு பேர் ஒரு வாரம் பனிச்சறுக்குக்குப் போகிறோம். சமையலறையுள்ள வீடு எடுத்திருக்கிறோம், சுமார் 1,800 மீட்டர் உயரத்தில். சமையல் பொறுப்பு என் தலையில். எல்லோருமே புதியவர்கள், இரண்டு பேர் சைவம். “குளிருக்கு மூன்று வேளையும் வெண்ணெயும் சீஸுமாக வெளுத்துக் கட்டுவோம்” என்கிறார்கள். என்ன சமைக்கலாம்? களைத்து வந்தபிறகு ரொம்ப நேரம் அடுப்படியில் நிற்க என்னால் முடியாது.

பதில்: நண்பர்கள் சொல்வதில் பாதி சரி. வெண்ணெயும் சீஸும் வேண்டும்தான், ஆனால் ராத்திரிக்கு. மதியம் அதையே தட்டு நிறையச் சாப்பிட்டால் கொழுப்பு வயிற்றைவிட்டு இறங்க நேரமாகும், கண்ணைச் சொக்கும். கால்கள் களைக்கும் பிற்பகலில் கவனமும் தளர்ந்தால், புதிதாகக் கற்பவர்கள் விழுந்து அடிபட அது போதும்.

கலோரிக் கணக்கையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். 70 கிலோ எடையுள்ளவர் மிதமான வேகத்தில் சறுக்கினால் மணிக்கு ஏறத்தாழ 400 கலோரி செலவாகும். ஆனால் நாளின் பெரும்பகுதி சரிவின் மேலே ஏற்றிவிடும் லிஃப்ட்டுக்கான வரிசையிலும் அந்த லிஃப்ட்டில் உட்கார்ந்தும் போய்விடும். விழுந்து எழுவதையும் சேர்த்தால்கூட, வழக்கத்தைவிட ஆயிரம் கலோரி அளவுக்குக் கூடுதலாகச் சாப்பிட்டாலே தாராளம். சமதளத்தில் மணிக்கணக்காகத் தள்ளிக்கொண்டு போகும் கிராஸ்கன்ட்ரி வகை என்றால் கதை வேறு; அதற்கு இன்னும் நிறைய வேண்டும்.

காலையில் ஓட்ஸ் கஞ்சி. ஆளுக்கு 80 கிராம் ஓட்ஸ், கொழுப்பெடுக்காத பால், இரண்டு கரண்டி வேர்க்கடலை வெண்ணெய், ஒரு வாழைப்பழம்: சுமார் 700 கலோரி வந்துவிடும். பத்து நிமிட வேலை, சைவர்களுக்கும் தனியாக எதுவும் செய்ய வேண்டாம். ஓட்ஸ் பிடிக்காதவருக்கு முட்டையும் ரொட்டியும் கொடுங்கள். வெறும் காபியோடு யாரையும் வெளியே விடாதீர்கள்.

மதியத்துக்கு ஒரே பெரிய சாப்பாடு வேண்டாம். ஒன்றரை மணிக்கொரு முறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவதுதான் நல்லது. தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் மாவுச்சத்துக்கு ஓர் அளவு உண்டு. குளிரில் உடம்பு நடுங்கினால் அதிலிருந்தும் செலவாகும். சீஸ் சாண்ட்விச், உலர்திராட்சை, பாதாம், சாக்லேட் என்று ஆளுக்கொரு பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுங்கள். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். கேரமல் கலந்த பார்கள் குளிரில் கல்லாகிவிடும். கோட்டின் உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கையுறையோடு பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவும் முடியாது, வீட்டிலேயே பிரித்து பேப்பரில் சுற்றிவிடுங்கள். நடுவில் உணவகத்தில் உட்கார்ந்தால் சூப்பும் ரொட்டியும் போதும்.

சாப்பாட்டைவிட அதிகமாக மறந்துபோவது தண்ணீர். குளிரில் தாகம் தெரியாது. ஆனால் உலர்ந்த காற்றில் ஒவ்வொரு மூச்சிலும் உடம்பின் ஈரம் வெளியேறும். ஒரு பிளாஸ்க்கில் சர்க்கரை போட்ட சூடான டீ எடுத்துப் போங்கள். மது குடித்தால் உடம்பு கதகதப்பாகிவிட்டது போலத் தோன்றும். உண்மையில் தோலின் இரத்தக்குழாய்கள் விரிந்து உள்சூடு வெளியேறும், தடுமாற்றமும் வரும். சறுக்கி முடித்து வீடு வந்தபிறகு பார்த்துக்கொள்ளட்டும்.

இனி ராத்திரி. வீட்டுக்குள் நுழைந்ததும் சூடாக ஒரு கோப்பை சூப்பும் ரொட்டித் துண்டும் கொடுங்கள். ‘சாப்பாடு ரெடியா?’ என்ற நச்சரிப்பு அடங்கும், உங்களுக்கும் முக்கால் மணி நேரம் கிடைக்கும். அப்புறம்தான் நண்பர்கள் கேட்ட விருந்து. சீஸ் மேலே உருகி வழியும் பாஸ்தா, பாலாடையில் வெந்த உருளைக்கிழங்கு, பீன்ஸ் போட்டுக் காரமாகச் செய்த சில்லியும் சோறும், பாஸ்தாத் தகடுகளை அடுக்கி ஓவனில் வேகவைக்கும் லசான்யா, கெட்டியான பருப்பு சூப் என்று மாற்றி மாற்றிச் செய்யலாம். 125 கிராம் பாஸ்தா, 50 கிராம் சீஸ், ஒரு கரண்டி ஆலிவ் எண்ணெய் சேர்ந்தாலே 750 கலோரியைத் தாண்டும். ஆறு பேருக்கும் அடிப்படைக் குழம்பைச் சைவமாகவே செய்துவிட்டு, இறைச்சியைத் தனியாக வதக்கி வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும். இரண்டு பானை வைத்துக்கொண்டு அல்லாட வேண்டாம்.

இந்த இரவுச் சாப்பாட்டில் புரதம் குறையக் கூடாது. இறக்கத்தில் வரும்போது தொடைத்தசை உங்கள் எடையைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது; அடுத்த நாள் படியிறங்கவே முனகுவதற்குக் காரணம் அதுதான். வலியை உணவு நிறுத்தாது, ஆனால் தசை தன்னைச் சரிசெய்துகொள்ள ஒரு வேளைக்கு 20 முதல் 30 கிராம் புரதம் வேண்டும். இரண்டு முட்டையில் சுமார் 12 கிராம், ஒரு கப் வெந்த பருப்பில் சுமார் 18 கிராம் இருக்கும்.

உயரத்தையும் மறக்காதீர்கள். 1,800 மீட்டரில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாஸ்தா சில நிமிடம் கூடுதலாக வேகும். காய்ந்த பீன்ஸ், கொண்டைக்கடலை எல்லாம் வெந்த பாடிருக்காது. பிரஷர் குக்கர் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் டின்னில் வரும் வெந்த பயறு போதும், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. சில்லியையும் பாஸ்தா குழம்பையும் முதல் நாளே இரண்டு மடங்கு செய்து வைத்துவிட்டால், நாலாம் நாள் எல்லோரும் சோபாவில் சாய்ந்து கிடக்கும்போது சூடு பண்ணினால் போதும்.

கிளம்புமுன் வீட்டுக்காரரிடம் ஓவன் இருக்கிறதா, பெரிய பாத்திரம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். வாடகை வீட்டுப் பாத்திரங்கள் பெரும்பாலும் இரண்டு பேருக்குத்தான் காணும். ஓவன் இல்லையென்றால் லசான்யாவைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு அந்த இரவுக்கும் சில்லியே போடுங்கள்.