பெயர் வேண்டாம், அக்கா

அக்கா, என் தங்கைக்குப் போன மாதம் நிச்சயம் முடிந்தது. இரண்டே நாளில், யாருடையது என்றே தெரியாத ஒரு இன்ஸ்டாகிராம் கணக்கிலிருந்து மாப்பிள்ளையின் அண்ணிக்கு அவளைப் பற்றிக் கேவலமாக மெசேஜ் போயிருக்கிறது. அவர்கள் நல்லவர்கள், எங்களிடமே கொண்டுவந்து காட்டினார்கள். ஆனால் அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. ஆதார் கொடுத்தால்தான் கணக்கு என்று சட்டம் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை ஒழியும்தானே?
பெயர் வேண்டாம், குழித்துறை

முதலில், அந்த மெசேஜை யாரும் அழித்துவிட வேண்டாம். கோபத்தில் பதிலும் போடாதீர்கள், போட்டால் ஆள் உஷாராகிக் கணக்கை மூடிவிடுவான். தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாங்குங்கள், கூடவே அந்தக் கணக்கின் லிங்க்கையும் காப்பி செய்து வையுங்கள். அப்புறம் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள், இல்லையென்றால் நேரே மாவட்ட சைபர் கிரைம் போலீஸுக்கே போங்கள். 1930 என்ற எண் முக்கியமாகப் பணம் பறிகொடுத்தவர்களுக்கானது, உங்கள் விஷயத்துக்குத் தளம்தான் சரி.

பேரில்லாதவனைப் பிடிக்கவே முடியாது என்று சோர்ந்துவிடாதீர்கள். கணக்குத் தொடங்கக் கொடுத்த போன் நம்பரோ மெயிலோ, உள்ளே வந்தபோது பயன்படுத்திய ஐ.பி. முகவரியோ (நெட்டில் இணையும்போது கிடைக்கிற அடையாள எண்) இன்ஸ்டாகிராம் நிறுவனத்திடம் இருக்கும். போலீஸ் முறைப்படி அதைக் கேட்டு வாங்கி, அந்த ஐ.பி. அந்த நேரத்தில் யாரிடம் இருந்தது என்று டெலிகாம் கம்பெனியிடம் விசாரிப்பார்கள். மொபைல் இன்டர்நெட்டில் ஒரே ஐ.பி.யை ஒரே சமயத்தில் நிறையப் பேர் பயன்படுத்துவதால் நேரம் துல்லியமாக வேண்டும். இந்தப் பதிவுகளை யாரும் ஆயுசுக்கும் வைத்திருக்க மாட்டார்கள். கணக்கை மூடினாலும் அதைத் தொடங்கக் கொடுத்த விவரங்களை நிறுவனம் 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் மத்திய அரசின் 2021 விதி. அதனால் கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

நம் ஊருக்கு இது புதுசும் இல்லை. இன்லேண்ட் லெட்டரில் இடது கையால் எழுதி, உள்ளூர் முத்திரை விழுந்தால் மாட்டிக்கொள்வோம் என்று பஸ் ஏறி நாகர்கோவில் போய்ப் பெட்டியில் போட்டுக் கல்யாணத்தைக் கலைத்த ஆட்கள் அந்தக் காலத்திலேயே உண்டு. 1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்திலேயே பேரை மறைத்து மிரட்டுகிறவர்களுக்குத் தனிப் பிரிவு இருந்தது. இப்போது அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-வது பிரிவில் இருக்கிறது: மிரட்டலுக்கு உரிய தண்டனை போக, கூடுதலாக இரண்டு வருடம் வரை சிறை. உங்கள் தங்கையைப் பற்றி வந்தது மிரட்டலா, அவதூறா என்று பார்த்து எந்தப் பிரிவு என்பதைப் போலீஸ் முடிவு செய்யும்.

சரி, ஆதார் விஷயம். உங்கள் ஆத்திரம் நியாயமானது, ஆனால் இந்த யோசனைக்கு நான் சம்மதிக்க மாட்டேன். தென் கொரியா இதைச் செய்து பார்த்துவிட்டது. பெரிய தளங்களில் எழுதுகிறவர்கள் அடையாளத்தை உறுதி செய்தே ஆக வேண்டும் என்று 2007-ல் சட்டம் வந்தது. 2011-ல் அங்கே ஒரு பெரிய நிறுவனத்தின் தளங்களுக்குள் புகுந்து சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். 2012-ல் அந்த நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றமே சட்டத்தை ரத்து செய்தது, பேச்சுரிமையை இவ்வளவு நெருக்கியும் சட்டவிரோதப் பதிவுகள் சொல்லும்படி குறையவில்லை என்று. நீங்களே பாருங்கள், இந்தக் கடிதத்தில் பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். போட்டிருந்தால் தங்கை யார் என்று ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும். தன் கஷ்டத்தைச் சொல்லவும் பெரிய இடத்துத் தப்பை வெளியே கொண்டுவரவும் பெயரை மறைக்கிறவரும், ஒரு பெண்ணின் மேல் சேறு பூச மறைக்கிறவனும் ஒன்றில்லை. ஆதார் கேட்டால் முதலில் வாயடைத்துப் போவது முன்னவர்தான். மற்றவன் யாருடைய சிம்மையாவது வாங்கிக்கொண்டு திரும்ப வந்துவிடுவான்.

வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு விடுமுறைக்கு வந்திருக்கிறேன். எங்கள் கம்பெனி மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி வைத்திருப்பதைப் புனைபெயரில் எழுதினேன். தைரியம் இருந்தால் சொந்தப் பேரில் எழுது, நீ கோழை என்கிறான் கூட்டாளி.
ஒரு வாசகர், முட்டம்

பாஸ்போர்ட்டும் விசாவும் முதலாளி கையைப் பார்த்து இருக்கிற ஒருவரைக் கோழை என்று சொல்வது அநியாயம். எழுதுங்கள். ஆனால் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள், மேனேஜரின் குடும்பத்தை இழுக்காதீர்கள், பேரில்லாமல் எழுதும்போது அந்தப் பொறுப்பு இன்னும் கூடுகிறது. வளைகுடா நாடுகளில் இணையச் சட்டங்கள் கடுமையானவை என்பதும் நினைவிருக்கட்டும். புனைபெயர் வைத்தால் மட்டும் ஆளை மறைத்துவிட முடியாது. எந்த கேம்ப், எந்த ஷிஃப்ட் என்று எழுதினாலே கம்பெனிக்காரன் கண்டுபிடித்துவிடுவான். போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் நேரமும் சேர்ந்தே இருக்கலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது பெரும்பாலும் கழிந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும். பாக்கிப் பணம் கைக்கு வர வேண்டுமானால் சொந்தப் பேரில் புகார் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதற்கு வெளியுறவு அமைச்சகத்தின் மதத் என்ற தளம் 2015 முதல் இருக்கிறது.

பிரவுசரில் இன்காக்னிட்டோ போட்டுப் பார்த்தால் யாருக்கும் தெரியாதுதானே?
கல்லூரி மாணவர், தக்கலை

உங்கள் போனில் ஹிஸ்டரி தங்காது, அவ்வளவுதான். நீங்கள் போகிற தளத்துக்கும் நெட் கொடுக்கிற கம்பெனிக்கும் தெரியும்.

பிளஸ் டூ முடித்த என் மகன் ராத்திரி தூங்குவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை. டாக்டரிடம் போகலாம் என்றால், வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலே நாலு பேர் பார்ப்பார்கள் என்கிறான். பேர் சொல்லாமல் பேச வழி உண்டா?
ஒரு தாய், கருங்கல்

உண்டு. 14416, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். மத்திய அரசு 2022-ல் தொடங்கியது, இலவசம், ராத்திரி பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், பேரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. வீட்டுக்கு வீடு சொந்தமும் பந்தமுமாக இருக்கிற நம் பக்கத்தில், பேரைக் கேட்காத ஒரு காது கிடைப்பது பெரிய உதவி. நம்பரை அவன் போனில் போட்டுக் கொடுங்கள், பேசும்போது கதவருகே நிற்காதீர்கள், என்ன சொன்னாய் என்று துருவாதீர்கள். ஆனால் வாழப் பிடிக்கவில்லை என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் தனியாக விடாமல், யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று உடனே ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் அம்மா.