கூண்டுக்குள் இறங்குபவருக்குக் கூலி எவ்வளவு?

கம்பிவலைக் கூண்டுக்குள் இருவர் மோதும், கலப்புத் தற்காப்புக் கலை எனப்படும் எம்எம்ஏ துறையில், குறிப்பாக அதன் மிகப் பெரிய அமெரிக்க நிறுவனமான யுஎஃப்சியில், வீரர்களுக்கு நியாயமான ஊதியம் கிடைக்கிறதா என்பது குறித்து வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை.

கேள்வி: கானர் மெக்ரெகர் ஒரே இரவில் பல லட்சம் டாலர் வாங்கினாரே, பிறகு ஏன் இந்தப் புலம்பல்?

பதில்: உச்ச நட்சத்திரத்தின் சம்பளத்தைப் பார்த்துவிட்டுத் துணை நடிகரும் வசதியாகத்தான் வாழ்கிறார் என்று சொல்ல முடியுமா? அண்மை ஆண்டுகளில் புதிதாகச் சேரும் வீரருக்குப் பெரும்பாலும் தரப்பட்டது, கூண்டுக்குள் இறங்க 12,000 டாலர், வென்றால் மேலும் 12,000 டாலர். தோற்றவர் மேலாளருக்குப் பத்தில் ஒரு பங்கும் பயிற்சிக்கூடத்துக்கு இன்னொரு பங்கும் கொடுத்தால் மிஞ்சுவது 9,600. வரியையும், இரண்டு மூன்று மாதப் பயிற்சிக் காலத்தில் வேறு வேலைக்குப் போக முடியாத இழப்பையும் அதில்தான் கழிக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு மூன்று போட்டிகளுக்கு மேல் கிடைப்பதும் அரிது. மூன்று நடுவர்களில் இருவர் மொத்தப் புள்ளிகளை 29–28 என்று எதிராளிக்கு எழுதிவிட்டால், அந்த ஒரு புள்ளியிலேயே பாதிக் கூலி போய்விடும். எனக்கு மிகவும் உறுத்துவது இந்த ஏற்பாடுதான், ஏனெனில் தோற்றவரும் அதே பதினைந்து நிமிடங்கள் அடி வாங்கியிருக்கிறார்.

கேள்வி: நிறுவனத்தின் வருவாயில் வீரர்களுக்கு எத்தனை பங்கு போகிறது?

பதில்: வீரர்கள் யுஎஃப்சி மீது தொடுத்த வழக்கில் வெளிவந்த கணக்குகளின்படி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, சில ஆண்டுகளில் அதற்கும் குறைவு. அமெரிக்காவின் கூடைப்பந்து, ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ லீக்குகளில் வீரர்கள் சங்கமாகப் பேரம் பேசிப் பாதியை ஒட்டிய பங்கைப் பெறுகிறார்கள். நிறுவனத்தின் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு: 2001-இல் 20 லட்சம் டாலருக்கு யுஎஃப்சியை வாங்கியவர்கள் முதல் சில ஆண்டுகள் பெரும் நஷ்டத்தில்தான் அதை ஓட்டினார்கள். ஆனால் அவர்கள் எடுத்த துணிச்சலுக்கான பலன், 2016-இல் சுமார் 400 கோடி டாலருக்கு விற்றபோதே வட்டியோடு வந்து சேர்ந்துவிட்டது.

கேள்வி: பிடிக்கவில்லை என்றால் வேறு நிறுவனத்துக்குப் போகலாமே?

பதில்: போகத்தான் வழி வேண்டும். பிரைடு, ஸ்ட்ரைக்ஃபோர்ஸ் போன்ற போட்டி நிறுவனங்களை 2007-க்கும் 2011-க்கும் இடையில் யுஎஃப்சியே வாங்கிவிட்டது. ஒப்பந்தமோ யுஎஃப்சிக்காக மட்டுமே மோத வேண்டும் என்று கட்டிப்போடுகிறது. பட்டம் வென்றவருக்கு ஒப்பந்தக் காலம் தானாகவே நீளும் ஒரு பிரிவும் அதில் உண்டு. ஆக, சந்தையில் விலை ஏறும் நேரத்தில்தான் கதவு மூடுகிறது. ஹெவிவெயிட் சாம்பியன் பிரான்சிஸ் இங்கானூ 2022 ஜனவரியில் பட்டத்தைக் காத்த போட்டிக்குப் பெற்றதாக அறிவிக்கப்பட்ட தொகை 6 லட்சம் டாலர். அதன் பிறகு அவர் ஓராண்டு எந்தப் போட்டியிலும் இறங்காமல் காத்திருந்து, 2023 ஜனவரியில் பட்டத்தை விட்டு வெளியேறி, அதே ஆண்டு அக்டோபரில் ரியாத்தில் டைசன் ப்யூரியுடன் குத்துச்சண்டையில் மோதினார். அங்கே ப்யூரியைக் கீழே விழவும் வைத்தார். வருமானமும் பன்மடங்கு கிடைத்தது. எல்லோரும் இங்கானூ போல ஓராண்டு கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது.

கேள்வி: குத்துச்சண்டையில் மட்டும் ஏன் இந்த வேறுபாடு?

பதில்: 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இயற்றப்பட்ட முகமது அலி சட்டம், ஒரு போட்டியால் தனக்கு வரும் வருவாயை ஏற்பாட்டாளர் குத்துச்சண்டை வீரரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அங்கே பட்டத்தையும் தரவரிசையையும் தருவது வேறு அமைப்புகள்; யுஎஃப்சியில் சம்பளம் கொடுப்பவரே சாம்பியன் கச்சையையும் இடுப்பில் கட்டுகிறார். அந்தச் சட்டம் எம்எம்ஏவுக்குப் பொருந்தாது. குத்துச்சண்டையிலும் முக்கியப் போட்டிக்கு முன் நடக்கும் சிறு போட்டிகளில் மோதுவோரின் நிலை பரிதாபமானதுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: ஸ்பான்சர் பணம் வருமே?

பதில்: முன்பு வந்தது. 2015-இல் விளையாட்டு உடை நிறுவனமான ரீபாக்குடன் யுஎஃப்சி செய்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும் தனி ஸ்பான்சர்களின் சின்னங்கள் கூண்டுக்குள் தடைசெய்யப்பட்டன. அதற்குப் பதிலாக ரீபாக் உடை அணியும் புதியவருக்கு ஒரு போட்டிக்கு 2,500 டாலர் என்று நிர்ணயித்தார்கள்.

கேள்வி: வழக்கில் வீரர்கள் வென்றுவிட்டார்களா?

பதில்: சமரசம் ஆயிற்று. யுஎஃப்சி தன் ஏகபோகத்தால் ஊதியத்தைக் குறைத்து வைத்தது என்று கங் லே உள்ளிட்ட வீரர்கள் 2014 டிசம்பரில் தொடுத்த வழக்கில், 33.5 கோடி டாலருக்கு எட்டிய முதல் உடன்பாட்டை நீதிபதி ரிச்சர்ட் பௌல்வேர் 2024-இல் ஏற்க மறுத்தார். பின்னர் 37.5 கோடி டாலருக்கு முடிந்தது. 2010 டிசம்பர் முதல் 2017 ஜூன் வரை மோதிய சுமார் 1,100 வீரர்களுக்கு அது உரியது. இழப்பீடு கிடைத்ததே தவிர, அந்த உடன்பாட்டால் ஒப்பந்தத்தின் ஒரு வரிகூட மாறவில்லை.

கேள்வி: சங்கம் அமைத்தால் என்ன?

பதில்: வீரர்கள் ஊழியர்களாக அல்லாமல் தனி ஒப்பந்தக்காரர்களாகவே கருதப்படுவதால், அமெரிக்கத் தொழிற்சங்கச் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. அதை மீறிக் கூடினாலும், முதலில் குரல் எழுப்புபவர் அடுத்த போட்டிக்கான அழைப்புக்காக அதே நிறுவனத்தின் தொலைபேசியைத்தான் எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும்.