அந்தப் பாட்டு யாரைப் பற்றியது?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் பாட்டு வரிகளைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைப்பதுதான் நியாயம் என்று பட்டது. ஆகவே இந்த முறை முழுக்க முழுக்க டெய்லர்தான்.

கேள்வி: அக்கா, நாங்கள் கொஞ்சம் பேர் தினமும் ராத்திரி ஆன்லைனில் உட்கார்ந்து டெய்லர் பாட்டுகளை அலசுவோம். 'ஆல் டூ வெல்' வந்துவிட்டால் போதும், அது யாரைப் பற்றியது என்பதில் பேச்சு ஆரம்பித்துச் சண்டையில் முடியும். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள், யார் அந்த ஆள்?

பதில்: பாடியவரே பெயர் சொல்லவில்லை, நான் சொல்லப்போவதில்லை. அந்தச் சண்டைக்குச் செலவாகிற நேரத்தைப் பாட்டில் வரும் ஸ்கார்ஃபுக்குக் கொடுத்துப் பாருங்களேன். தொடக்கத்திலேயே அது வந்துவிடுகிறது. காதலனின் சகோதரி வீட்டில் அவள் அதை விட்டுவிட்டு வருகிறாள், அவன் இன்னமும் அதை டிராயரில் வைத்திருக்கிறான், அவ்வளவுதான், பாட்டு வேறு பக்கம் போய்விடுகிறது. கார் பயணம், உதிர்கிற இலைகள், அவனுடைய அம்மா சொல்லும் சின்ன வயதுக் கதைகள், நடு ராத்திரியில் ஃபிரிட்ஜ் வெளிச்சத்தில் சமையலறையில் ஆடுகிற ஆட்டம் என்று என்னென்னவோ வருகிறது. ஸ்கார்ஃப் என்று ஒன்று இருந்ததையே நாம் மறந்துவிட்ட நேரத்தில், பிரிவுக்குப் பிறகு, அவன் அவளுடைய பொருட்களையெல்லாம் தபாலில் திருப்பி அனுப்புகிறான். அதை மட்டும் அனுப்பவில்லை, ஏனென்றால் அதில் அவள் வாசனை இருக்கிறது. அதுவரை 'எனக்கு எல்லாம் நன்றாக நினைவிருக்கிறது' என்று தன்னைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தவள், அந்த இடத்தில் 'உனக்கும்தான் நினைவிருக்கிறது' என்று அவன் பக்கம் திருப்பிவிடுகிறாள். அடிப்படையில் நாலே சுரக்கூட்டுகள்தான் (ஆங்கிலத்தில் chords) பாட்டு முழுக்கச் சுற்றிச் சுற்றி வருகின்றன, அதனால் கதையை நகர்த்துகிற வேலை முழுவதும் வரிகள் தலையில் விழுகிறது, அவை அதை எவ்வளவு அழகாகச் செய்கின்றன என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

நமக்கு இது புதிதும் இல்லை. அகப்பாட்டில் தலைவன் பெயரையோ தலைவி பெயரையோ சுட்டிச் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியமே விதி வைத்திருக்கிறது. நெடுநல்வாடையில் பெயர் ஏதும் இல்லை, ஆனால் வேலின் தலையில் கட்டிய வேம்பு ஒரு வரியில் வந்துவிட்டது, வேம்பு பாண்டியர் அடையாளமாயிற்றே என்று உரையாசிரியர் அதைப் புறப்பாட்டில் சேர்த்துவிட்டார்! துப்பறிகிற ஆசை அன்றைக்கே இருந்திருக்கிறது. பெயர் இல்லாததால்தான் அந்தப் பாட்டு உங்களுடையதாகவும் ஆகிறது என்பது என் கட்சி.

கேள்வி: அதே பாட்டின் பத்து நிமிட வடிவம் அவசியமா? எனக்கு 2012-இல் வந்த பழையதே போதும் என்று தோன்றுகிறது. தோழிகள் என்னைத் துரோகி என்கிறார்கள்.

பதில்: துரோகமெல்லாம் இல்லை. 'ரெட்' ஆல்பத்தில் வந்த ஐந்தரை நிமிடப் பாட்டு, லிஸ் ரோஸ் என்ற பாடலாசிரியரோடு உட்கார்ந்து, மிக நீண்ட ஒரு முதல் வடிவத்தை வெட்டிச் செதுக்கி எடுத்தது. 2021 நவம்பரில் வந்த நீண்ட வடிவம் 10 நிமிடம் 13 விநாடி. அமெரிக்கப் பாட்டுகளின் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டுகளிலேயே நீளமானது என்ற பெயரை, 1972-இல் முதலிடத்தில் இருந்த 'அமெரிக்கன் பை' பாட்டிடமிருந்து அது வாங்கிக்கொண்டது. பழையதில் ஏக்கம் அதிகம், நீண்டதில் கோபம் அதிகம். பாட்டாக எனக்கும் பழையதுதான் பிடிக்கும், கட்டுக்கோப்பு அதில்தான் இருக்கிறது. ஆனால் எழுதுகிற ஆசை உள்ளவர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். எதை வெட்டினார்கள், எதைத் தொடாமல் விட்டார்கள் என்று பார்ப்பதே ஒரு பாடம்.

கேள்வி: 'பிளாங்க் ஸ்பேஸ்' பாட்டில் ஸ்டார்பக்ஸ் எங்கிருந்து வந்தது? எனக்கு மட்டும்தான் அப்படிக் கேட்கிறதா?

பதில்: உலகத்துக்கே அப்படித்தான் கேட்டது. அவர் பாடுவது முன்னாள் காதலர்களின் நீண்ட பட்டியலைப் பற்றி. 'லிஸ்ட் ஆஃப் எக்ஸ்' என்ற மூன்று சொற்களும் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டு, அழுத்தம் பேச்சில் விழுகிற இடத்தில் விழாமல் மெட்டுக்காக வேறு இடத்தில் விழுவதால், காது தனக்குத் தெரிந்த ஒரு சொல்லை அங்கே பொருத்திக்கொள்கிறது. 2014-இல் பாட்டு வந்த பிறகு அந்த காபிக் கடைக்காரர்களே இதில் சேர்ந்துகொண்டார்கள்.

ஆனால் அந்தப் பாட்டில் பலர் தவறவிடுவது இதைவிடப் பெரிய விஷயம். பத்திரிகைகள் தன்னை எப்படிச் சித்தரித்தனவோ, ஆண்களை விழுங்குகிற கோபக்காரி என்று, அந்தப் பெண்ணை ஒரு கதாபாத்திரமாக எடுத்துக்கொண்டு அவள் வாயிலாகவே பாடினார். அதை வாக்குமூலம் என்று எடுத்துக்கொண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாட்டில் 'நான்' என்று வந்தாலே பாடுகிறவர்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2020-இல் வந்த 'ஃபோக்லோர்' ஆல்பத்தில் ஒரே காதல் முக்கோணத்தை மூன்று பாட்டுகள் மூன்று பேர் வாயிலாகச் சொல்கின்றன. 'கார்டிகன்' பெட்டி (Betty) என்கிற பெண்ணின் பார்வை, 'ஆகஸ்ட்' பெயரில்லாத இன்னொரு பெண்ணின் பார்வை, 'பெட்டி' என்பது ஜேம்ஸ் என்கிற பதினேழு வயதுப் பையன் கேட்கிற மன்னிப்பு. அந்தப் பையனின் வரிகளில் பாதி சாக்குப்போக்கு. தப்புச் செய்துவிட்டு மற்றவர்கள் மேல் பழி போடுகிற பதின்வயதுப் பேச்சை அப்படியே பிடித்திருக்கிறார்.

கேள்வி: டெய்லர் எல்லாவற்றிலும் ரகசியக் குறிப்பு வைக்கிறார் என்பது உண்மையா, ரசிகர்களின் கற்பனையா?

பதில்: தொடங்கி வைத்தவர் அவர்தான். 2006-இல் வந்த முதல் ஆல்பத்திலிருந்து 2014-இல் வந்த '1989' வரை, குறுந்தகட்டோடு வரும் வரிகள் புத்தகத்தில் சில எழுத்துகள் மட்டும் தேவையில்லாத இடத்தில் பெரிய எழுத்தாக இருக்கும். அவற்றைக் கூட்டிப் படித்தால் ஒரு சின்ன வாக்கியம் வரும். வரிகளைக் கண்ணால் படிக்க வைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஒரு குறிப்பைத் தேடிப் போன பள்ளிக்கூடப் பிள்ளை முழுப் பாட்டையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடும்.

எதிர்த் திசையிலும் நடந்திருக்கிறது. ஒவ்வொரு ஆல்பத்திலும் ஐந்தாவது பாட்டுதான் மனதை அதிகம் அறுக்கிறது என்று ரசிகர்கள் கண்டுபிடித்துப் பேச ஆரம்பித்தார்கள். அவர் திட்டமிட்டுச் செய்ததில்லை, ரசிகர்கள் சொல்லித்தான் கவனித்திருக்கிறார், அப்புறம் தெரிந்தே அந்த இடத்தில் அப்படிப்பட்ட பாட்டை வைக்கத் தொடங்கினார். 2019-இல் அவரே இதைச் சொன்னார். அவருக்கு ராசியான எண் பதின்மூன்று, பிறந்த தேதியும் டிசம்பர் 13 என்பதால் அந்த இடத்தையும் ரசிகர்கள் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்கிறார்கள். இதுவரை சரி. உடையின் நிறத்தையும் நகப்பூச்சையும் வைத்து அடுத்த ஆல்பத்தின் தேதியைக் கணக்குப் போடுகிற அளவுக்குப் போனால் பாட்டு எங்கேயோ நின்றுவிடுகிறது, எனக்கு அதில் ஆர்வம் இல்லை.

கேள்வி: ஒரு பாட்டின் பழைய வரியை மாற்றிப் பாடியது சரியா? 'பெட்டர் தேன் ரிவெஞ்ச்' பற்றிக் கேட்கிறேன். எங்களுக்குள் இரண்டு கட்சி.

பதில்: தெரியாதவர்களுக்கு முதலில் பின்கதை. அவருடைய முதல் ஆறு ஆல்பங்களின் மூலப் பதிவுகள் அவர் கையில் இல்லை, பழைய நிறுவனத்திடம் இருந்தன. 2019-இல் அவை அந்த நிறுவனத்தோடு சேர்ந்து விற்கப்பட்டன, அடுத்த வருடம் மறுபடியும் கை மாறின. பதிவு கையை விட்டுப் போனாலும் பாட்டை எழுதிய உரிமை அவரிடமே இருந்ததால், பழைய ஆல்பங்களைத் திரும்பப் பாடிப் பதிவு செய்ய முடிந்தது. 2021 முதல் 2023 வரை நான்கு ஆல்பங்கள் அப்படி வந்தன. 2025 மே மாதம் பழைய பதிவுகளையும் விலைக்கு வாங்கிவிட்டார்.

நீங்கள் கேட்கும் பாட்டு 2010-இல் வந்தது, காதலனைப் பறித்துக்கொண்ட பெண்ணைத் திட்டுகிற பாட்டு. அதில் அந்தப் பெண்ணின் ஒழுக்கத்தைக் குத்திக்காட்டுகிற ஒரு வரி இருந்தது. 2023-இல் திரும்பப் பாடியபோது அதை எடுத்துவிட்டு, அவன் விளக்கைத் தேடி வந்த விட்டில், தீக்குச்சி அவள் கையில் என்ற பொருளில் வேறு வரி வைத்தார். முப்பது வயதைத் தாண்டிய ஒருவர் இருபது வயதில் பாடியதை மறுபடி வாயால் சொல்லக் கூசினால் மாற்றிக்கொள்ள அவருக்கு முழு உரிமை உண்டு. என் காதுக்குப் பழைய வரிதான் அந்தப் பாட்டின் கோபத்தோடு ஒட்டுகிறது, புதியது கொஞ்சம் பக்குவமாகத் தனியாக நிற்கிறது. இரண்டும் கேட்கக் கிடைக்கின்றன என்பதால் உங்கள் இரண்டு கட்சிக்கும் நஷ்டமில்லை.

கேள்வி: பாட்டுகளை அவரே எழுதுகிறாரா, கூட இருப்பவர்கள் எழுதித் தருகிறார்களா?

பதில்: 2010-இல் வந்த 'ஸ்பீக் நவ்' ஆல்பத்தின் பதினான்கு பாட்டுகளையும் தனியாகவே எழுதினார், இந்தக் கேள்வியைக் கேட்டவர்களுக்குப் பதிலாக. அதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

கேள்வி: எல்லோரும் 'பிரிட்ஜ்' 'பிரிட்ஜ்' என்று உருகுகிறார்களே, அது பாட்டில் எந்த இடம்?

பதில்: பல்லவி, சரணம் என்று கேட்டுப் பழகிய நமக்கு இது கொஞ்சம் புதிது. மேற்கத்திய பாப் பாட்டில் சரணமும் பல்லவியும் இரண்டு சுற்று வந்த பிறகு, மூன்றாவது சுற்றுக்குப் போகாமல், மெட்டும் வேகமும் மாறி ஒரே ஒரு தடவை வந்து போகிற பகுதி அது. பலர் அதைச் சும்மா இடைவெளி நிரப்பப் பயன்படுத்துவார்கள். டெய்லர் கதையின் முடிச்சை அங்கேதான் அவிழ்ப்பார். 'குரூயல் சம்மர்' கேளுங்கள். எதுவுமே பரவாயில்லை என்கிற மாதிரி ஒரு பெண் சமாளித்துக்கொண்டே வருகிறாள், பிரிட்ஜில் காரின் பின் இருக்கையில் அழுகை வெடித்து, உண்மை கத்தலாக வெளியே வருகிறது. பாடுவதற்கும் கத்துவதற்கும் நடுவில் ஒரு குரல். 2019-இல் வெளியான பாட்டு, 2023 கச்சேரிகளில் பல்லாயிரம் பேர் அந்த இடத்தைச் சேர்ந்து கத்தக் கத்த, அதே வருடம் அக்டோபரில் பில்போர்டு முதலிடத்துக்கு வந்தது.

கேள்வி: பாட்டில் திட்டு வாங்கியவர்களை ரசிகர்கள் தேடிப் போய்த் திட்டுவதை நீங்கள் கண்டிக்க வேண்டும்.

பதில்: கண்டிக்கிறேன், முழு மனதோடு. டெய்லரும் கண்டித்திருக்கிறார். 2023 ஜூனில் மினியாபோலிஸ் மேடையில் 'டியர் ஜான்' பாடுவதற்கு முன்னால், பத்தொன்பது வயதில் எழுதிய ஒரு பாட்டுக்காக, அது யாரைப் பற்றியது என்று நீங்களாக நினைத்துக்கொண்டு யார் மேலேயும் பாயத் தேவையில்லை, எனக்காக இணையத்தில் சண்டை போட வேண்டாம், கனிவாக இருங்கள் என்ற பொருளில் பேசினார். பாடிய ஆளே விட்டுவிட்ட பகையை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்? நேரில் பார்க்காத ஒருவருக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வசை அனுப்புவது பாட்டின் மேலுள்ள அன்பில் சேராது.

கேள்வி: என் மகள் எந்நேரமும் இவர் பாட்டுத்தான். அவளோடு பேசவாவது நானும் கேட்க நினைக்கிறேன். ஆங்கிலம் சுமாராகத்தான் வரும். எதில் தொடங்கட்டும் அம்மா?

பதில்: 'மார்ஜரி'யில் தொடங்குங்கள். 2020 டிசம்பரில் வந்த 'எவர்மோர்' ஆல்பத்தின் பதின்மூன்றாவது பாட்டு. இறந்துபோன தன் பாட்டியை, அம்மாவின் அம்மாவைப் பற்றி எழுதியது. பாட்டி மார்ஜரி ஃபின்லே ஆப்பரா பாடகி, அவருடைய பழைய பதிவிலிருந்து எடுத்த குரலே பின்னணியில் சேர்க்கப்பட்டிருக்கிறது. வரிகள் எளிமையானவை, வேகமும் குறைவு. மளிகைக் கடைகளில் வாங்கிய ரசீதுகளைக்கூடப் பத்திரப்படுத்தி வைத்திருக்கலாமே என்று பேத்தி வருந்துகிற ஒரு வரி வரும், அதற்கு அகராதி வேண்டியதில்லை. அது பிடித்தால் 'ஃபோக்லோர்' ஆல்பத்தில் 'எபிஃபனி'. அதுவும் பதின்மூன்றாவது பாட்டுத்தான், போரில் சண்டை போட்ட தாத்தாவைப் பற்றி ஆரம்பித்து, பெருந்தொற்றுக் கால மருத்துவமனைக்கு வந்து சேர்கிறது. மகள் பக்கத்தில் இருக்கும்போது கேளுங்கள், புரியாத இடங்களை அவளிடமே கேட்டால் சந்தோஷமாகச் சொல்வாள். யாரைப் பற்றிய பாட்டு என்ற சண்டைக்கும் இந்த இரண்டிலும் வேலை இல்லை.