காற்றிலிருந்து குடிநீர்: மொட்டைமாடியில் சிலிக்கா ஜெல் பெட்டி வைக்கலாமா?

கேள்வி: ராமநாதபுரம் கடலோரத்தில் வீடு. போர்வெல் தண்ணீர் ஒரே உப்பு. ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, கரண்ட் இல்லாமல் காற்றிலிருந்தே தண்ணீர் எடுப்பதை வீடியோவில் பார்த்தேன். நான்கு பேருக்குக் கட்டுப்படியாகுமா?

பதில்: தண்ணீர் வரும். ஆனால் நான்கு பேருக்குக் காணாது.

ராத்திரி பெட்டியைத் திறந்து வைத்தால் ஜெல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், காலையில் மூடி வெயிலில் விட்டால் அந்த ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து வடியும். உங்கள் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை, இடிப்பது வெயில் கணக்குதான். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கக் கிட்டத்தட்ட 0.7 யூனிட் (கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான், ஒரு கிலோவாட்-மணி) வெப்பம் வேண்டும். ஒரு சதுர மீட்டரில் நாளெல்லாம் விழும் வெயில் 5, 6 யூனிட். அப்படியானால் ஏழெட்டு லிட்டர் வரணுமே என்று தோன்றும், ஆனால் ஜெல்லையும் பெட்டியையும் சூடாக்குவதிலும் கண்ணாடி வழியாகவும் பெரும்பகுதி போய்விடும். வீட்டில் செய்த பெட்டியில் ஒரு லிட்டர் வந்தாலே கெட்டிக்காரத்தனம்.

2025 வேதியியல் நோபல் பெற்ற மூவரில் ஒருவரான ஓமர் யாகியின் எம்.ஓ.எஃப். பொருட்களை (உலோகமும் கரிம மூலக்கூறுகளும் சேர்ந்த, நுண்துளைகள் நிறைந்த பொருட்கள்) பற்றியும் படித்திருப்பீர்கள். 20 சதவீத ஈரப்பதமே உள்ள பாலைவனக் காற்றிலும் தண்ணீரைப் பிடிப்பதுதான் அவற்றின் பெருமை, கடலோரத்தில் அதற்கு வேலையே இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆட்கள் கலிபோர்னியாவின் டெத் வேலியில் வைத்துப் பார்த்த ஹைட்ரோஜெல் (தண்ணீரை உறிஞ்சி உப்பும் ஜெல்) பலகை ஒரு நாளைக்குத் தந்தது 57 முதல் 161 மில்லிதான். அந்த வறட்சியில் அது சாதனை, சரி, ஆனால் குடும்பம் நடத்த முடியாது.

உங்களிடம்தான் உப்புத் தண்ணீர் இருக்கிறதே! அதே பெட்டியில் ஜெல்லுக்குப் பதில் கறுப்புத் தட்டு வைத்து உப்புத் தண்ணீரையே ஊற்றுங்கள். ஈரத்தைப் பிடிக்கும் வேலை மிச்சம், அதே வெயிலில் சதுர மீட்டருக்கு இரண்டு மூன்று லிட்டர் வரும், தங்கும் உப்பை மட்டும் அவ்வப்போது கழுவ வேண்டும்.

அதைவிட லாபம் மழை. ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. பெய்கிற இடத்தில் 50 சதுர மீட்டர் மாடியில் விழுவது 40,000 லிட்டர், அதில் பாதியைத் தொட்டியில் சேர்த்தாலே நான்கு பேர் குடிக்க வருஷம் முழுக்கத் தாங்கும்.

இல்லை, ஆசைக்கு ஒரு ஜெல் பெட்டி செய்துதான் பார்ப்பேன் என்றால் வெள்ளை ஜெல் மட்டும் வாங்குங்கள். நீல நிறத்தில் வருவதில் கோபால்ட் குளோரைடு இருக்கும், அது நச்சு, குடிநீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.